முடி கொட்டாத ஊசி

என் அக்காவுக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தபோது தேயிலைத் தோட்டத்து லயத்தில் அவளுக்குக் கிடைத்த மரியாதை, பிறந்ததிலிருந்து அவளுக்குக் கிடைத்ததில்லை. முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வர ஆரம்பித்ததும் அது இன்னும் கூடியது. மொட்டைத் தலையில் முக்காடு போட்டு வாசலில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, குழாயடியில் அவளோடு மல்லுக்கு நின்ற பெண்கள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எட்ட நின்றுதான் துடைத்துக்கொண்டார்கள், பக்கத்தில் வந்தால் தொற்றிக்கொள்ளும் என்று பயம். இருந்தாலும் துடைத்தார்களே, அதுவரைக்கும் சரி. நோயாளி என்றால் நோயாளி மாதிரி இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆட்களின் சட்டம். முடி திரும்ப முளைக்கும்வரை அக்கா அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு இருந்தாள்.

நான் பதுளை பஸாரில் ஒரு புடைவைக் கடையில் விற்பனைக்கு நிற்கிறவள். அக்கா தெமோதரைப் பக்கம் நாங்கள் பிறந்த தோட்டத்திலேயே கொழுந்து எடுத்தாள். அத்தான் வெலிமடையில் மரக்கறி லொறிகளுக்கு மூட்டை ஏற்றுகிறவர். வாரக் கடைசியில் வருவார், ஒரு பை லீக்ஸும் உருளைக்கிழங்கும் கொண்டுவருவார், தூங்குவார், போவார். அவர்களுக்கு ஒரே மகள், உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் தோட்டத்து வேலைக்குப் பதிந்திருந்தது அக்காவின் பேர் மட்டும்தான்.

அதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது, பிறகு நடந்ததெல்லாம் அதைச் சுற்றித்தான் நடந்தது. லயத்துக் காம்பரா, குடும்பத்துக்கு ஒன்றாகத் தந்த வரிசை வீட்டு அறை, தோட்டத்துக்குச் சொந்தம். வேலைக்குப் பேர் இல்லாத வீட்டுக்காரர்களை யாரும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவதில்லை. கூரைத் தகடு காற்றில் போனால் மாற்றித் தரமாட்டார்கள், அவ்வளவுதான். ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற கணக்கப்பிள்ளை வழியில் கண்டால், வீட்டில்தான் ஆள் இருக்கிறதே, பதியலாமே என்பார். அந்த ஆள் அக்காவின் மகள். அவள் தலையில் கூடைக்கயிறு ஏறக்கூடாது என்பதில் அக்கா பிடிவாதமாக இருந்தாள். வேறு எதிலும் அவள் பிடிவாதம் பிடித்து நான் பார்த்ததில்லை.

ஒப்பரேஷன் முடிந்து, முடியைக் கொட்ட வைத்த மருந்துகளும் முடிந்த பிறகு, இனி வேறு ஊசி என்றார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, ஒரு வருடத்துக்கு. டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண், என்னைவிட இளையவராகத்தான் இருப்பார். பொறுமையாக விளக்கினார். அக்காவுக்கு வந்த வகையில், புற்றுச் செல்லின் மேலே ஒரு வகைக் குமிழ் அளவுக்கு மீறி முளைத்திருக்குமாம். வளர், வளர் என்ற கட்டளை அந்தக் குமிழ் வழியாகத்தான் உள்ளே போகிறது. இந்த மருந்து ஒரு பிறபொருளெதிரி, அன்டிபொடி. இரத்தத்தோடு போய் அந்தக் குமிழைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும், கட்டளையை அடைக்கும், உடம்பின் காவல் செல்களுக்கும் காட்டிக்கொடுக்கும். முந்திய மருந்து மாதிரி கண்ணில் பட்டதையெல்லாம் அடிக்காது. அதனால் முடி கொட்டாது, குடலைப் பிடுங்கும் வாந்தியும் இருக்காது.

பிறபொருளெதிரி என்ற சொல்லைப் பள்ளிக்கூடத்தில் பாடமாக்கி எழுதிப் புள்ளி வாங்கியவள் நான். அது ஒரு நாள் போத்தலில் வந்து என் அக்காவின் கையில் இறங்கும் என்று யார் கண்டது. அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வெளியே வந்து, கொழுந்தை மட்டும் கிள்ளிக்கொண்டு முற்றலை விட்டுவிடுகிற மாதிரிதானே என்றாள். அதேதான் என்றேன். அன்றைக்கு இரண்டு பேரும் பஸ் நிலையத்துக்கு எதிரே ஆளுக்கொரு வடையும் பிளேன்டீயும் சாப்பிட்டோம். அவ்வளவு சந்தோஷம் எங்களுக்கு.

டொக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். அதே குமிழ் இதயத் தசையிலும் கொஞ்சம் உண்டு. சிலருக்கு இந்த மருந்து இதயத்தைத் தளர்த்திவிடும். சில மாதத்துக்கு ஒரு தடவை இதயத்தை எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம், இடையில் ஒவ்வொரு தடவையும் கேட்போம்: மூச்சு வாங்குகிறதா, கால் வீங்குகிறதா, படுத்தால் மூச்சு முட்டுகிறதா. மறைக்காமல் சொல்ல வேண்டும் என்றார். அக்கா பெரிதாகத் தலையாட்டினாள். டொக்டர் நம்பிவிட்டார்.

சில மாதத்தில் அக்காவுக்கு முடி வந்தது. முன்பு இல்லாத சுருட்டை முடி, கறுகறுவென்று. எனக்குப் பார்க்க ஆசையாக இருந்தது. லயத்துக்கு அது வயிற்றெரிச்சலாக இருந்தது. ஊசி நடக்கும்வரை மலையேற வேண்டாம் என்று சொல்லி அவளுக்குத் தேயிலைக் கன்றுப் பைகளில் மண் நிரப்பும் வேலை கொடுத்திருந்தார்கள், நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை. மொட்டைத் தலை அந்த வேலை பார்த்தபோது பாவம் என்றார்கள். சுருட்டை முடி அதே வேலை பார்த்தபோது ஏமாற்றுக்காரி என்றார்கள். ஊசி போடுகிறேன் என்று பதுளைக்குப் போய்ப் படம் பார்த்துவிட்டு வருகிறாள் என்று ஒருத்தி சொன்னாள். ஊசி போட்டால் முடி கொட்டாதா, இது என்ன கொட்டாத ஊசி, அப்படி ஒன்று உலகத்தில் உண்டா என்று இன்னொருத்தி கேட்டாள். பெரிய விஞ்ஞானி. நான் போய் விளக்கினேன். குமிழ், ஒட்டுவது, அடைப்பது எல்லாம் சொன்னேன். நான் சொன்னதைக் கேட்டு அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், அக்காவும் தங்கச்சியும் சேர்ந்து நல்லாத்தான் கதை கட்டுகிறார்கள் என்கிற மாதிரி.

பிறகு அவளுக்கு நிஜமாகவே மூச்சு வாங்க ஆரம்பித்தது. றோட்டிலிருந்து லயத்துக்கு ஏறுகிற படிக்கட்டில் பாதியில் நின்று நெஞ்சில் கை வைத்துக்கொள்வாள். முடியவில்லை, மூச்சு வாங்குகிறது என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லியிருக்கிறாள். அடுத்த நாள் குழாயடியில் அந்தப் பெண் அதே மாதிரி நெஞ்சைப் பிடித்து, வாயைத் திறந்து, கண்ணைச் செருகி நடித்துக் காட்டினாளாம். எல்லாரும் சிரித்தார்களாம். குடத்தோடு போன அக்காவின் மகள் அதைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் ஃபோனில் அழுதாள். வாரக் கடைசியில் வந்த அத்தானும், முடியெல்லாம் வந்துவிட்டது, இன்னும் என்ன என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

ஊசி நாட்களில் அக்கா காலையிலேயே தனியாக வந்துவிடுவாள். ஊசி ஏறி முடியும் நேரத்துக்கு நான் கடையிலிருந்து ஓடிப் போய் அவளைக் கூட்டிவந்து பஸ் ஏற்றிவிடுவேன். ஒரு தடவை கடை பூட்டாக இருந்ததால் முதலிலிருந்தே கூடப் போனேன். பஸ் நிலையத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஏறுவதற்குள் அவள் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்று நின்றுதான் வந்தாள். செருப்பு வார் அழுத்தியதில் கால் மேல் பள்ளம் விழுந்திருந்தது, அவ்வளவு வீக்கம். அப்படி வந்து உட்கார்ந்தவளிடம் டொக்டர் கேட்டார்.

"படி ஏறேக்க மூச்சு வாங்குதோ அம்மா?"

"இல்லங்க."

"கால் வீங்குதோ?"

"இல்லங்க. நல்லாத்தான் இருக்கேன்."

எனக்கு ஒரு கணம் நான் வேறு யாருடைய அக்காவோடோ வந்திருக்கிறேனோ என்று தோன்றியது. அவள் குரலில் தடுமாற்றமே இல்லை. சேலையைக் கால் மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். இத்தனை மாதமும் இப்படித்தான் சொல்லி வந்திருக்கிறாள் என்று அப்போது புரிந்தது.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விடிந்ததும் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்திப் பேர் பதிந்து மலைக்கு அனுப்புவார்கள். யாருக்காவது முகம் வாடியிருந்தால் கணக்கப்பிள்ளை, என்ன, உடம்புக்கு ஏதும் சரியில்லையா என்பார். ஆமாங்க என்று சொன்னால் வீட்டுக்குப் போ என்பார், அன்றைக்குப் பேர் இல்லை, சம்பளமும் இல்லை. அடிக்கடி சொல்கிறவள் நோஞ்சான் என்று பேரெடுப்பாள், அவளுக்குக் கொழுந்தே இல்லாத மலைதான் கிடைக்கும். ஆகவே காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ, கேட்டால் ஒரே பதில்தான். அக்கா பதினாறு வயதில் அந்தக் களத்தில் போய் நின்றவள். கேட்கிறவர் கையில் பேனா இருந்தால் போதும், வாய் தானாக இல்லங்க என்றுவிடும். அதைப் பொய் என்று சொல்லவும் எனக்கு மனம் வருவதில்லை. பெரியவர்களைக் கண்டால் தலைத்துண்டை இறக்குகிறோமே, அது மாதிரி ஒன்று.

டொக்டருக்கு இது எங்கிருந்து தெரியும்? அவர் ஊரில் நோயாளிகள் உள்ள வருத்தத்தோடு இல்லாததையும் இரண்டு சேர்த்துச் சொல்வார்கள் போலிருக்கிறது. லயத்தில் இவள் உண்மையைச் சொன்னாள், ஒருத்தரும் நம்பவில்லை. ஆஸ்பத்திரியில் இல்லங்க என்றாள், நம்பினார்கள்.

"பொய் சொல்றா டொக்டர்," என்றேன். "பஸ்ஸ்டாண்டுல இருந்து இங்க வர்றதுக்குள்ள செத்துப் பொழச்சு வந்துருக்கா. கால தூக்கிப் பாருங்க."

டொக்டர் காலைப் பார்த்தார், விரலால் அழுத்தினார், விரல் போன இடம் மேலே வரவில்லை. அடுத்த எக்கோவுக்கு இன்னும் நாள் இருந்தும் அன்றைக்கே எடுக்கச் சொன்னார். இதயம் இரத்தத்தைத் தள்ளுகிற பலம் நன்றாகக் குறைந்திருந்தது. ஊசியை நிறுத்தினார். பயப்பட வேண்டாம், மாத்திரை தருகிறேன், நல்ல ஓய்வு எடுத்தால் நிறையப் பேருக்கு இதயம் பழையபடி வந்துவிடும், வந்ததும் ஊசியைத் திரும்பத் தொடங்கலாம் என்றார். இந்த இடைவெளி நீளக்கூடாது, புற்று அதற்குள் தலை தூக்கிவிடும் என்று என்னைப் பார்த்துத் தனியாகச் சொன்னார். மலை ஏறவே கூடாது, பாரம் தூக்கவே கூடாது. எல்லாமே ஓய்வில் நின்றது. என் அக்காவுக்கு எழுதியே இராத ஒரு சாமான் அது.

பஸ்ஸில் அவள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். ஹாலிஎல தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ஊசி நடக்கிற வரைக்குந்தான் மண்ணுப் பையி வேல. அது ஒனக்குத் தெரியுமா தெரியாதா?"

எனக்குத் தெரியும். ஆனால் அது இப்படி வந்து முட்டும் என்று யோசிக்கவில்லை. என்னோடு பதுளைக்கு வந்து என் அறையில் இரு, நான் சமைத்துப் போடுகிறேன் என்றேன். பேரை வெட்டிவிடுவார்கள் என்றாள். வெட்டட்டும் என்றேன். அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். படி ஏறும்போதே கோழிக்கறி வாசம். அத்தான் வெலிமடையிலிருந்து கோழியோடு வந்திருந்தார். ஊசியை நிறுத்திவிட்டார்கள் என்றால் நோய் தீர்ந்துவிட்டது என்றுதானே அர்த்தம் என்று லயம் முழுக்கச் சொல்லியிருந்தார். குழாயடியில் நடித்துக் காட்டியவள் பயற்றம் பணியாரம் சுட்டுக்கொண்டு வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், இப்போது தொற்றாது. நான் வாசலில் நின்றே விஷயத்தைச் சொன்னேன். இதயம் பழுதாகியிருக்கிறது, அதனால்தான் நிறுத்தினார்கள், ஓய்வு எடுக்காவிட்டால் இவள் செத்துப் போவாள் என்று அந்தச் சொல்லாலேயே சொன்னேன். அத்தானின் முகத்தில் ஈயாடவில்லை. பணியாரம் கொண்டுவந்தவள் மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டாள். அத்தான், நல்ல நாளும் அதுவுமாக ஏன் இப்படி வாய் வைக்கிறாய் என்று கேட்டார். அக்கா உள்ளே போய் எனக்குச் சோறு போட்டுக்கொண்டு வந்தாள். கோழிக்கால் என் தட்டில் இருந்தது. அவர்கள் எல்லாரையும் உதைக்க வேண்டும் போல் இருந்தது, அவளையும் சேர்த்து.

சாப்பிடாமல் கணக்கப்பிள்ளையைத் தேடிப் போனேன். அவர் கொடுமைக்காரர் இல்லை. நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார், நான் டவுனில் வேலை செய்கிறவள் அல்லவா. ஊசி போடும்வரை லேசான வேலை என்றுதான் மேலே பேசிக் கொடுத்தது, ஊசி நின்ற பிறகும் கொடுத்தால் மற்ற ஆட்கள் தன் சட்டையைப் பிடிப்பார்கள் என்றார். முடியைப் பார்த்தால் நோயாளி என்று யாரும் சொல்லமாட்டார்கள் என்றார். மாசக்கணக்கில் வராமல் இருந்தால் பேரை வைத்திருக்க முடியாது என்றார். கடைசியில் எனக்கு நல்லது செய்கிற மாதிரிக் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா வீட்டுலயே இருக்கட்டும் தாயி. அதுக்குப் பதிலா மகளப் பதியச் சொல்லுங்க. பேரு விட்டுப் போகாது."

திரும்பி வந்து இதை அக்காவிடம் சொல்லியிருக்கத் தேவையில்லை, அவரே ஏற்கெனவே அவளிடம் சொல்லியிருந்தார். அன்றிரவு நான் அங்கேயே தங்கினேன், மறுநாள் விடியும்போது அவள் கொழுந்துக்குப் போகிறவர்கள் கட்டுகிற படங்குச் சாக்கை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் கூடைக்கயிற்றைப் பிடுங்கினேன். அவள் கையை ஓங்கினாள். சின்ன வயதில்கூட அவள் என்னை அடித்ததில்லை. மகள் உள்ளே புத்தகப் பையை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்ப அவளப் பதியட்டுமா? நீயே சொல்லு."

நான் கயிற்றை விட்டேன். அவள் பெரட்டுக்குப் போனாள்.

அடுத்த எக்கோவுக்கு அவளைக் கூட்டிப் போனது நானும் மகளும். பிள்ளை அதற்குள் ஃபோனில் தேடி ஒன்று கண்டுபிடித்து வைத்திருந்தாள். அதே பிறபொருளெதிரியின் முதுகில் நஞ்சைக் கட்டி அனுப்புகிற மருந்து வந்திருக்கிறதாம். போகிற வழியெல்லாம் நஞ்சு வாயைத் திறக்காதாம், குமிழைப் பிடித்துச் செல்லுக்குள் போன பிறகுதான் கட்டு அவிழுமாம். எக்கோ அறைக்கு வெளியே உட்கார்ந்து அதையே அவளுடைய அம்மாவுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னாள். அக்கா, ம் ம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இதயம் முன்னைவிட மோசமாக இருந்தது. வீட்டில் ஓய்வாகத்தான் இருந்தீர்களோ என்று டொக்டர் கேட்டார். ஆமாங்க, சும்மாதான் இருந்தேன் என்று அக்கா சொன்னாள். சொல்லும்போது அவள் கை மேசை மேல் கிடந்தது, கொழுந்துக் கறை ஏறிய விரல்களோடு. டொக்டர் விரல்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மலைக்குப் போகிறாள் என்று சொன்னேன். அந்தப் பொறுமைசாலி அன்றைக்குப் பொறுமையிழந்தார். உங்களுக்கு உயிரில் ஆசை இல்லையோ, பிறகு ஏன் இங்கே வருகிறீர்கள் என்று கத்தினார். வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு அவரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, இனி இந்த ஊசியைத் தொடங்க முடியாது, இந்த இதயம் தாங்காது என்றார். மகள் தன்னுடைய மருந்தைப் பற்றிக் கேட்டாள். அது இங்கே கிடைப்பதும் கஷ்டம், கிடைத்தாலும் இந்த இதயத்துக்கு அதையும் கொடுக்கமாட்டார்கள் என்றார். பிள்ளை ஃபோனைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அக்காவிடம், ஏதாவது கேட்க வேண்டுமா என்று டொக்டர் கேட்டார். அக்கா யோசித்தாள்.

"அப்ப நாளைக்கு வேலைக்குப் போலாங்களா?"

அவள் போனாள், போக முடிந்தவரைக்கும்.

புற்று ஈரலுக்கு வந்தது. வயிறு வீங்கிற்று, கால்கள் கட்டை மாதிரி ஆயின, மஞ்சள் கண்ணுக்குள் ஏறிற்று. இப்போதுதான் லயத்துக்குத் திருப்தி, மரியாதையெல்லாம் திரும்ப வந்துவிட்டது. ஊசியை நிறுத்தியதால்தான் இப்படி ஆனது, தங்கச்சிக்காரி போய் டொக்டரிடம் போட்டுக்கொடுத்துக் கெடுத்துவிட்டாள் என்று குழாயடியில் தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள். சொல்லட்டும். அந்த அறையில் அந்தக் காலோடு அவள் திரும்பவும் உட்கார்ந்தால் நான் திரும்பவும் அதையேதான் சொல்வேன். ஊசியை இன்னும் இரண்டு தடவை ஏற்றியிருந்தால் இதயம் நின்று, அவள் கட்டிலில் கிடக்கக்கூட உயிரோடு இருந்திருக்கமாட்டாள்.

மகள் பரீட்சை எழுதவில்லை. யாரும் அவளை எழுதாதே என்று சொல்லவில்லை. அம்மாவைத் தூக்க, துடைக்க, மாத்திரை கொடுக்க ஆள் வேண்டியிருந்தது, பிறகு பேர் விட்டுப் போகும் மாதம் வந்தது. அவளே போய்ப் பதிந்துவிட்டு வந்தாள். அக்காவிடம் அதை எப்படிச் சொல்வது என்று, கடைக்கு லீவு போட்டு வந்திருந்த நானும் அவளும் இரண்டு நாள் சமையலறையில் குசுகுசுத்துக்கொண்டிருந்தோம். அந்தச் சிரமத்தைக் கணக்கப்பிள்ளை எங்களுக்கு வைக்கவில்லை.

ஒரு பின்னேரம் அவரே வாசலுக்கு வந்தார். கையில் இரண்டு பப்பாப்பழமும் இருந்தது. அவர் குரல் கேட்டதும் கட்டிலில் கிடந்த அக்கா அசைந்தாள். சுவரைப் பிடித்தாள், காலைக் கீழே போட்டாள், நான் ஓடிப் போவதற்குள் எழுந்து நின்றுவிட்டாள். மாதக் கணக்காக ஆள் பிடிக்காமல் ஒருக்களித்துக்கூடப் படுக்காதவள். நெஞ்சு ஏறி இறங்கிற்று. முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். அவர், பரவாயில்லை, இருங்க இருங்க என்று இரண்டு தடவை சொன்னார். அவள் இருக்கவில்லை. அவர் மகளைப் பார்த்து, நாளையிலிருந்து நேரத்துக்குப் பெரட்டுக்கு வந்துவிட வேண்டும், அம்மா மாதிரி நல்ல பேர் எடுக்க வேண்டும் என்றார். அக்கா மகளைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்து, சரிங்க ஐயா என்றாள்.

அவர் படி இறங்கிப் போகும்வரை நின்றாள். பிறகு அவளுக்குத் திரும்ப உட்காரத் தெரியவில்லை. நான் ஒரு பக்கமும் மகள் ஒரு பக்கமும் பிடித்து மெதுவாக இறக்கினோம். மூச்சு அடங்க வெகுநேரம் ஆயிற்று. மகள் தண்ணீர் எடுக்கப் போனாள். அக்கா பப்பாப்பழத்தைக் காட்டி, அதைப் பத்திரமாக எடுத்து வை என்றாள்.

"இவ்வளவு தூரம் ஏறி வந்து, மரியாதையாச் சொல்லிட்டுப் போறாரு பாத்தியா."